நோயெதிர்ப்பு செல்களில் கால்சியமும் பிஎச்சும்: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்களை ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கவிட்டு ஒளிர்வை அளக்கும் முறை. ஆன்டிபாடி (குறிப்பிட்ட செல் வகையில் ஒட்டும், ஒளிரும் நிறம் சேர்த்த புரதம்) போட்டு செல் வகைகளைப் பிரித்துப் பழகியவர்கள், உயிருள்ள செல்லுக்குள் நடப்பதை முதன்முறையாக அளக்க உட்காரும்போது எழும் கேள்விகள் இவை. கால்சியத்துக்குத்தான் இதில் அதிக இடம். பிஎச் (அமில-காரத் தன்மை) அளவீட்டின் அடிப்படையும் ஏறக்குறைய அதுவே என்பதால், கால்சியம் பகுதியைப் படித்துவிட்டு அதற்குப் போவது நல்லது.

ஃப்ளோ சைட்டோமீட்டர் செல்லின் மேல் ஒட்டிய நிறத்தைத்தானே பார்க்கும்? உள்ளே இருக்கும் கால்சியத்தை எப்படி அளக்கும்?

கருவிக்கு மேலே, உள்ளே என்ற வித்தியாசம் தெரியாது. லேசர் பட்டதும் செல்லிலிருந்து வரும் ஒளிர்வை மட்டும்தான் அது எண்ணும். கால்சியம் ஒட்டினால் ஒளிர்வு மாறும் சாயம் ஒன்றைச் செல்லுக்குள் நிரப்பிவிட்டால், அந்த ஒளிர்வின் ஏற்ற இறக்கமே கால்சியத்தின் ஏற்ற இறக்கம். வழக்கமான வேலையில் நாம் கண்டுகொள்ளாத ஒரு அச்சு இங்கே முக்கியமாகிவிடுகிறது: நேரம். ஒவ்வொரு செல்லும் எந்த நொடியில் லேசரைக் கடந்தது என்பதைக் கருவி பதிந்துவைக்கிறது. நேரத்தைக் கிடை அச்சிலும் ஒளிர்வைச் செங்குத்து அச்சிலும் வைத்தால் செல் கூட்டத்தின் எதிர்வினை ஒரு வளைவாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே செல்லை இது தொடர்ந்து பார்ப்பதில்லை. 40வது நொடியில் கடந்த செல் வேறு, 41வது நொடியில் கடந்த செல் வேறு. ஒரு தனிச் செல்லில் கால்சியம் அலை அலையாக ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும். ஆயிரக்கணக்கான செல்களில் எத்தனை எதிர்வினை காட்டின, எந்த வகைச் செல்கள் காட்டின என்று கேட்டால் அதற்கு ஃப்ளோவை மிஞ்ச ஆளில்லை.

டி செல்லோ பி செல்லோ தூண்டப்பட்டதும் கால்சியம் ஏன் ஏற வேண்டும்?

சும்மா இருக்கும் லிம்போசைட்டின் (டி, பி செல்கள் சேர்ந்த வெள்ளையணு வகை) சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள செல் திரவத்தில், கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார். செல்லுக்கு வெளியே, ரத்தத்தில், 1 மில்லிமோலாருக்குச் சற்று மேல். அதாவது பத்தாயிரம் மடங்குக்கும் அதிகமான வித்தியாசம். இந்த வித்தியாசத்தைக் காக்க செல் ஓயாமல் ஆற்றல் செலவழித்துக் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு வாசல் திறந்தால் போதும், உள்ளே அளவு சட்டென்று ஏறிவிடும். அதனால்தான் இது இவ்வளவு நல்ல சைகை.

டி செல் ஏற்பி தூண்டப்பட்டதும் பாஸ்ஃபோலிபேஸ் சி காமா-1 என்ற நொதி வேலையைத் தொடங்கி ஐபி3 என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அது செல்லின் கால்சியச் சேமிப்பு அறையான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் உள்ள கதவைத் திறக்க, அங்கே சேமித்திருந்த கால்சியம் வெளியே வருகிறது. இது முதல் ஏற்றம். சிறியது, சீக்கிரம் முடிந்துவிடும். சேமிப்பு காலியானதை ஸ்டிம்-1 என்ற புரதம் உணர்ந்து, செல் சவ்வில் உள்ள ஓராய்-1 வாசலைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் பாய்கிறது. இதுதான் நீண்டு நிற்கும் இரண்டாம் ஏற்றம். ஸ்டிம்-1இன் பங்கு 2005இலும் ஓராய்-1 2006இலும் தெரியவந்தது. வாசல் இருக்கிறது என்பது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மின் அளவீடுகளில் தெரிந்திருந்தது. அது எந்தப் புரதம் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

ஏறிய கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தூண்ட, அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்ப, ஐஎல்-2 (டி செல்லைப் பெருகவைக்கும் சைகைப் புரதம்) போன்றவற்றின் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இந்த வரிசை நினைவில் இருந்தால் ஒரு குழப்பம் தவிரும். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கால்சிநியூரினைத் தடுக்கின்றன, அதாவது கால்சியம் ஏறிய பிறகு வரும் படியை. ஆகவே அந்த மருந்து கலந்த செல்லில் கால்சியம் வளைவு இயல்பாகவே இருந்தால் சோதனை தவறிவிட்டது என்று பொருளில்லை.

சாயம் எப்படிச் செல்லுக்குள் போய்த் தங்குகிறது?

கால்சியத்தைப் பிடிக்கும் சாயங்களில் எதிர்மின் சுமை அதிகம். அவை சவ்வைத் தாண்டாது. அந்தச் சுமைகளை ஏஎம் எஸ்டர் குழுக்களால் மூடிவிட்டால் கொழுப்பில் கரையும் தன்மை வந்து தானாக உள்ளே போய்விடும். உள்ளே உள்ள எஸ்டரேஸ் நொதிகள் மூடியை வெட்டிவிடும். சுமை திரும்பியதும் சாயம் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். 1981இல் ரோஜர் சியென் வெளியிட்ட உத்தி இது. பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவர்தான். இண்டோ-1, ஃப்யூரா-2 சாயங்கள் 1985இல் அவருடைய குழுவிலிருந்தே வந்தன.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. சீரத்திலும் எஸ்டரேஸ் இருப்பதால், சீரம் கலந்த ஊடகத்தில் நிரப்பினால் சாயம் உள்ளே போகும் முன்பே வெட்டுப்பட்டுவிடும். அப்புறம், மாட்டிக்கொண்ட சாயமும் காலப்போக்கில் கசியும். சில செல்கள் அதைத் தாமே பம்ப் செய்து வெளியேற்றும். கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜில் இது அதிகம். அந்தப் பம்பைத் தடுக்கும் ப்ரோபெனெசிட் 1 முதல் 2.5 மில்லிமோலார் வரை சேர்த்தால் கசிவு குறையும். ஆனால் அதுவும் ஒரு மருந்து என்பதால், கட்டுப்பாட்டு ட்யூபிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

இண்டோ-1, ஃப்ளுவோ-4, ஃப்யூரா ரெட்: எதை வாங்குவது?

யூவி (புற ஊதா) லேசர் இருந்தால் இண்டோ-1. யோசிக்கவே வேண்டாம். காரணம் விகிதம். இண்டோ-1 கால்சியத்தோடு இருக்கும்போது ஏறக்குறைய 400 நானோமீட்டரிலும், இல்லாதபோது 480 நானோமீட்டர் அருகிலும் ஒளிர்கிறது. இரண்டையும் தனித்தனியாக அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஒரு செல் சாயத்தை நிறைய எடுத்ததா கொஞ்சம் எடுத்ததா, பெரிய செல்லா சிறிய செல்லா என்ற வித்தியாசங்கள் எல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது கால்சியம் மட்டும்.

ஃப்ளுவோ-4க்கு அந்த வசதி இல்லை. கால்சியம் ஒட்டினால் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகும், சாதாரண 488 நானோமீட்டர் லேசரே போதும், பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஒரு செல் பிரகாசமாக இருப்பது கால்சியத்தாலா, அதிகச் சாயத்தாலா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. ஓய்வு நிலையில் இரு வகைச் செல்களின் கால்சியத்தை ஒப்பிட ஃப்ளுவோ-4ஐ மட்டும் வைத்துச் செய்த முடிவுகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரே ட்யூபில், தூண்டும் முன்பும் பின்பும் என்று ஒப்பிடும்போது அது நம்பத்தக்கது.

இடைவழி ஒன்று இருக்கிறது. ஃப்யூரா ரெட் சாயத்தை 488 லேசரால் தூண்டினால் சிவப்புப் பக்கம், 660 நானோமீட்டர் வாக்கில், ஒளிரும். கால்சியம் ஏற ஏற மங்கும். ஃப்ளுவோ-4ஐயும் ஃப்யூரா ரெட்டையும் சேர்த்து நிரப்பிப் பச்சையைச் சிவப்பால் வகுத்தால் நீல லேசரிலேயே ஒரு விகிதம் கிடைக்கும். ஆனால் இரண்டு சாயமும் எல்லாச் செல்லிலும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. இண்டோ-1இன் விகிதம் ஒரே மூலக்கூறிலிருந்து வருவதால் அந்தக் கவலை அதற்கில்லை.

யூவி இல்லை, 405 நானோமீட்டர் வயலட் லேசர் இருக்கிறது. இண்டோ-1க்கு அது போதாதா?

போதாது. இண்டோ-1 ஒளியை நன்றாக உறிஞ்சுவது 330 முதல் 350 வரையிலான பகுதியில். 355 நானோமீட்டர் லேசர் பொருத்தமானது. 405க்கு வரும்போது கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது.

நிரப்பும்போது அளவு, நேரம், வெப்பம் என்ன?

தொடக்கத்துக்கு: மில்லிலிட்டருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி செல்கள், சாயம் 1 முதல் 5 மைக்ரோமோலார், 30 முதல் 45 நிமிடம், இருட்டில். சாயத்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மொத்தத்தில் அரை சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் கரையாமல் திட்டுத்திட்டாக நின்றால் ப்ளூரோனிக் எஃப்-127 சிறிது சேர்க்கலாம், 0.02 சதவீதம் போதும். கழுவிய பிறகு, எஸ்டர் முழுவதும் வெட்டுப்பட இன்னொரு அரை மணி நேரம் அறை வெப்பத்தில் விடுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இதுதான். பாதி வெட்டுப்பட்ட சாயம் கால்சியத்தைச் சரியாகப் பிடிக்காது, ஆனாலும் ஒளிரும்.

குறைவான சாயமே நல்லது. இந்தச் சாயங்கள் கால்சியத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகள்; உள்ளே அதிகம் திணித்தால் ஏறும் கால்சியத்தை அவையே உறிஞ்சிக்கொண்டு உச்சியை மழுக்கிவிடும். எஸ்டர் வெட்டுப்படும்போது ஃபார்மால்டிஹைடும் உண்டாகிறது என்பது இன்னொரு காரணம். அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரியும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

37 டிகிரியில் நிரப்பினால் வேகமாக ஏறும். ஆனால் சாயம் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், மைட்டோகாண்ட்ரியா போன்ற அறைகளுக்குள்ளும் புகும் வாய்ப்பு அதிகம். உங்கள் செல்லில் அந்தத் தொல்லை தெரிந்தால் அறை வெப்பத்தில் சற்று அதிக நேரம் நிரப்பிப் பாருங்கள்.

எந்தக் கரைசலில் செல்களை வைத்திருப்பது?

கால்சியமும் மக்னீசியமும் உள்ள ஹேங்க்ஸ் கரைசலில் 10 முதல் 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பஃபர்), கொஞ்சம் ஆல்புமின், கொஞ்சம் குளுக்கோஸ். ஃபீனால் ரெட் (ஊடகத்தின் பிஎச்சைக் காட்டும் நிறமி) வேண்டாம், அதுவும் ஒளிரும். வழக்கமான ஸ்டெயினிங் பஃபரில் ஈடிடிஏவும் சோடியம் அசைடும் இருக்கும். முதலாவது வெளிக் கால்சியத்தை விழுங்கும், இரண்டாவது செல்லின் மூச்சை நிறுத்தும். இந்த வேலைக்கு இரண்டும் ஆகாது. ரத்தத்தையும் ஈடிடிஏ குழாயில் எடுக்காமல் ஹெப்பரின் குழாயில் எடுப்பது நல்லது.

ஆன்டிபாடி போட்டு டி செல், பி செல் என்று பிரித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஃப்ளோவை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். ஆனால் அடையாளம் காட்டப் போட்ட ஆன்டிபாடியே செல்லைத் தூண்டிவிடக் கூடாது. டி செல் ஏற்பியோடு சேர்ந்த புரதமான சிடி3க்கு ஆன்டிபாடியைப் போட்டு டி செல்லைக் குறித்துவிட்டு, பிறகு அதே சிடி3 வழியாகத் தூண்டினால் என்ன அளக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சிடி4 ஆன்டிபாடியும் முழுக்க அப்பாவி இல்லை. அந்த ஏற்பி சைகைப் பாதையோடு தொடர்புள்ளது. முடிந்தவரை எதிர்மறையாகப் பிரியுங்கள். பி செல்லையும் என்கே செல்லையும் மோனோசைட்டையும் குறித்து விலக்கினால் மிச்சம் பெரும்பாலும் டி செல். டி செல்லின் இரு முக்கிய வகைகளில் சிடி8ஐக் குறித்தால் சிடி4 தானாகத் தெரியும்.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது சாயத்தின் இடத்தைக் காலியாக விடுங்கள். இண்டோ-1 இருந்தால் யூவி லேசரால் தூண்டப்படும் மற்றச் சாயங்களுக்கும், அதே பகுதியில் ஒளிரும் வயலட் சாயங்களுக்கும் இடமில்லை. பச்சையும் சிவப்பும் அகச்சிவப்பும் தாராளமாகக் கிடைக்கும். இது இண்டோ-1ஐ விரும்ப இன்னொரு காரணம்.

ஓட்டும்போது நொடிக்கு நொடி என்ன செய்ய வேண்டும்?

ட்யூபை 37 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். செல் வேகம் நொடிக்கு 500 முதல் 1000. முதல் 30 முதல் 60 நொடி எதுவும் சேர்க்காமல் அடிநிலையைப் பதியுங்கள். அது தட்டையாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; ஆடும் அடிநிலைக்கு மேல் கட்டும் எந்த முடிவும் நிற்காது. பதிவை நிறுத்தாமல் ட்யூபைக் கழற்றி, தூண்டியைச் சேர்த்து, கலக்கி, திரும்ப மாட்டுங்கள். இந்த இடைவெளி 10 நொடிக்குள் முடிய வேண்டும். வளைவில் அது வெற்றிடமாகத் தெரியும், பரவாயில்லை. பிறகு 5 நிமிடம் வரை ஓடவிட்டு, கடைசியில், ஏற்பி இல்லாமலே கால்சியத்தைச் சவ்வின் குறுக்கே உள்ளே விடும் அயனோமைசின் 1 மைக்ரோமோலார் சேர்த்து உச்சத்தைப் பாருங்கள்.

நியூட்ரோஃபில் (கிருமிகளை விழுங்கும் வெள்ளையணு) விஷயத்தில் அந்த 10 நொடியே பிரச்சினை. எஃப்எம்எல்பி (பாக்டீரியா இருப்பதுபோல அதைத் தூண்டும் பெப்டைட்) சேர்த்தால் கால்சியம் சில நொடிகளில் உச்சிக்குப் போய் இரண்டு மூன்று நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ட்யூபை மாட்டுவதற்குள் உச்சி முடிந்திருக்கும். ஓடும்போதே தூண்டியைச் செலுத்தும் வசதி உள்ள கருவி கிடைத்தால் நியூட்ரோஃபிலுக்கு அதையே பயன்படுத்துங்கள். சிடி3 வழியாகத் தூண்டிய டி செல் அவ்வளவு அவசரப்படாது. அரை நிமிடம் தயங்கிவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சியைத் தொட்டு, அப்புறம் ஒரு மேடையில் நிற்கும்.

கணக்கு ஒன்றையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நொடிக்கு 500 செல் ஓடுகிறது, உங்களுக்கு வேண்டிய செல் வகை 1 சதவீதம் என்றால் நொடிக்கு 5 செல்தான் கிடைக்கும். 5 நொடிக்கு ஒரு புள்ளி என்று வளைவு வரைந்தால் ஒவ்வொரு புள்ளியும் 25 செல்லின் சராசரி. அரிய வகைகளுக்கு முன்கூட்டியே செறிவூட்டல் செய்யாமல் இறங்க வேண்டாம்.

37 டிகிரி உண்மையிலேயே அவசியமா? எங்கள் கருவியில் சூடாக்கும் வசதி இல்லை.

அவசியம். அறை வெப்பத்தில் டி செல் எதிர்வினை தாமதமாகி, குறைந்து, சில வேளை காணாமலே போகும். ட்யூபைச் சுற்றிச் சூடான நீர் உறை போட்டுப் பலர் சமாளிக்கிறார்கள்.

அயனோமைசினுக்கு எகிறுகிறது, ஏற்பி வழியாகத் தூண்டினால் அசையவே இல்லை. கோளாறு எங்கே?

அயனோமைசினுக்கு எகிறினால் சாயம், லேசர், ஃபில்டர் மூன்றும் சரி. ஆகவே அந்தப் பக்கம் தேட வேண்டாம். முதலில் தூண்டியைப் பாருங்கள். கரைசலாகப் போட்ட சிடி3 ஆன்டிபாடி ஏற்பிகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்காவிட்டால் சைகை பலவீனமாகவே இருக்கும். பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடியைப் போட்டு, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடினால் பிணைப்பது வழக்கமான தீர்வு. பி செல்லுக்கு, அதன் ஏற்பியான ஐஜிஎம்முக்கு எதிரான ஆன்டிபாடி என்றால் எஃப்சி (வால்) பகுதி நீக்கியதை வாங்குங்கள், முழு ஆன்டிபாடி தடுப்பு ஏற்பியையும் சேர்த்து இழுத்து எதிர்வினையைக் குறைத்துவிடும். பிறகு வெப்பம், கரைசலில் கால்சியம் இருக்கிறதா, செல்கள் எவ்வளவு பழையவை என்று போங்கள்.

அயனோமைசினுக்கே எகிறாவிட்டால் கதை வேறு. சாயம் ஏறவில்லை, அல்லது வெட்டுப்படவில்லை, அல்லது செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. செத்த செல்லில் கால்சியம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதனால் செத்த செல்லைக் காட்டிக்கொடுக்கும் உயிர்ப்புச் சாயம் ஒன்றைச் சேர்த்து அவற்றைக் கேட்டிங்கில் (கணக்கில் எடுக்கும் செல்களைத் தேர்ந்தெடுக்கும் படியில்) விலக்குவது இந்தச் சோதனையில் விருப்பத் தேர்வு அல்ல.

சேமிப்பிலிருந்து வந்த கால்சியமா, வெளியிலிருந்து வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

கால்சியம் இல்லாத கரைசலில், கால்சியத்தை விழுங்கும் ஈஜிடிஏ சிறிதோடு தொடங்குங்கள். தாப்சிகார்கின் சேர்த்தால் சேமிப்புக்குள் கால்சியத்தைத் திருப்பி அனுப்பும் பம்ப் நின்று, சேமிப்பு மெல்லக் கசிந்து காலியாகும். சிறிய மேடு ஒன்று தெரியும். அது அடங்கியதும் வெளியே 1 முதல் 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்தால் திறந்திருக்கும் ஓராய் வாசல் வழியாகப் பெரிய ஏற்றம் வரும். அந்த ஏற்றத்தின் சரிவுதான் வாசலின் வேலைத்திறன். தாப்சிகார்கின் ஏற்பியைத் தொடாமல் நேரடியாகச் சேமிப்பைக் காலி செய்வதால், கோளாறு ஏற்பிப் பக்கமா வாசல் பக்கமா என்று இது ஒன்றே காட்டிக்கொடுக்கும். ஓராய்-1 பிறவிக் குறைபாடு உள்ளவர்களில் டி செல் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், வேலைதான் செய்யாது; அவர்களுடைய செல்லில் இந்த இரண்டாம் ஏற்றம் வராது. எண்ணிக்கை மட்டும் பார்க்கும் சோதனையில் அது பிடிபடாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

விகிதத்தை நானோமோலாராக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். மாற்றும் வழி இருக்கிறது. அயனோமைசினோடு நிறையக் கால்சியம் கொடுத்து உச்ச விகிதத்தையும், அயனோமைசினோடு ஈஜிடிஏ கொடுத்துத் தாழ் விகிதத்தையும் எடுத்து, நடுவில் உங்கள் விகிதம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, சாயத்தின் பிணைப்பு மாறிலியால் (சாயத்தில் பாதி கால்சியத்தைப் பிடித்திருக்கும் கால்சிய அளவு) பெருக்க வேண்டும். இண்டோ-1க்கு அது 37 டிகிரியில் சுமார் 250 நானோமோலார். நீள அலைப் பக்கத்தில் கால்சியம் இல்லாத சாயத்தின் ஒளிர்வுக்கும் உள்ள சாயத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தாலும் பெருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த மாறிலி சோதனைக் குழாயில் அளக்கப்பட்டது. செல்லுக்குள் புரதங்களுக்கு நடுவே அது அப்படியே இருப்பதில்லை. ஈஜிடிஏவால் உள்ளே உண்மையிலேயே சுழியத்துக்கு இறக்குவதும் கஷ்டம். மேலும் ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை (அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியை) விடும், பஃபர் போதாவிட்டால் பிஎச் சரிந்து கணக்கே கெடும்.

என் கட்சி இதுதான்: எண்ணைவிட வளைவை நம்புங்கள். அடிநிலையோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு, உச்சிக்கு எத்தனை நொடி, அயனோமைசின் உச்சத்தில் எத்தனை சதவீதம், எத்தனை சதவீத செல்கள் எல்லைக்கோட்டைத் தாண்டின. இவ்வளவும் சொன்னாலே போதும். சராசரியை மட்டும் சொல்வது இன்னும் மோசம். எல்லாச் செல்லும் பாதி எதிர்வினை காட்டினாலும், பாதிச் செல்கள் முழு எதிர்வினை காட்டினாலும் சராசரி ஒன்றேதான். இந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் ஃப்ளோவுக்கு வந்தோம்.

பிஎச்சுக்கு வருவோம். எந்தச் சாயம்?

ஓய்வு நிலையில் செல்லின் சைட்டோபிளாசம் 7.1 முதல் 7.2 வரை. ஃப்ளோவுக்கு என் முதல் தேர்வு ஸ்னார்ஃப்-1. நீல லேசரால் தூண்டினால் அமிலப் பக்கத்தில் 580 நானோமீட்டரிலும் காரப் பக்கத்தில் 640 நானோமீட்டரிலும் ஒளிரும். இரண்டின் விகிதம் நேரடியாகக் கிடைக்கும். பிசிஇசிஎஃப் சாயத்தின் பிகேஏ (சாயத்தில் பாதி புரோட்டானைப் பிடித்திருக்கும் பிஎச்) 7.0 அருகில் இருப்பதால் சைட்டோபிளாசத்துக்கு அது இன்னும் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அதன் உண்மையான பலம் இரண்டு தூண்டல் அலைநீளங்களை ஒப்பிடுவதில்தான், அதாவது 490ஐயும் 440ஐயும். ஒரே நீல லேசரில் பச்சையையும் சிவப்பையும் வகுத்துச் சமாளிக்கலாம், ஆனால் வீச்சு குறைவாக இருக்கும்.

பிஎச்சில் சிறிய மாற்றம் என்று ஏமாற வேண்டாம். 7.2 என்றால் புரோட்டான் சுமார் 63 நானோமோலார், 0.3 குறைந்தால் அது இரு மடங்கு. வளர்ச்சிச் சைகை கிடைத்த லிம்போசைட்டில் சோடியம்-புரோட்டான் பரிமாற்றி வேலை செய்து பிஎச் ஏறும்போது அந்த ஏற்றம் 0.1, 0.2 அளவில்தான் இருக்கும். எஃப்எம்எல்பி தூண்டிய நியூட்ரோஃபில் முதலில் கொஞ்சம் அமிலமாகி, பிறகு காரப் பக்கம் போகும். இரண்டையும் பிடிக்க அடிநிலை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்.

நைஜெரிசின் அளவுகோல் போடுவது எப்படி?

நைஜெரிசின் பொட்டாசியத்தையும் புரோட்டானையும் சவ்வின் குறுக்கே மாற்றிப் போடும். வெளியில் பொட்டாசியத்தை உள்ளே உள்ள அளவுக்கே, 120 முதல் 140 மில்லிமோலார், வைத்துவிட்டால் உள்ளே பிஎச்சும் வெளிக் கரைசலின் பிஎச்சும் சமமாகிவிடும். 6.6இலிருந்து 7.8 வரை ஐந்தாறு கரைசல்கள், 10 மைக்ரோமோலார் நைஜெரிசின், சில நிமிடம் பொறுத்து ஓட்டி, விகிதத்துக்கும் பிஎச்சுக்கும் கோடு வரைந்தால் அளவுகோல் தயார். உள்ளே 120, வெளியே 140 என்று தவறாக வைத்தால் பிஎச்சில் கிட்டத்தட்ட 0.07 பிழை வரும். தூண்டலால் வரும் மாற்றமே 0.1 என்னும்போது இது சின்ன விஷயமில்லை. அளவுகோலை அன்றன்றைக்கே, அன்றைய செல்லில், அன்றைய லேசர் அமைப்பில் போடுங்கள்.

அடிநிலை பிஎச் நாள்தோறும் மாறுகிறது. ஏன்?

இரண்டு வழக்கமான குற்றவாளிகள். ஒன்று, பைகார்பனேட் உள்ள வளர்ப்பு ஊடகம்: காற்றில் திறந்து வைத்தால் கார்பன் டைஆக்சைடு பறந்து கரைசல் காரமாகும். ஹெப்பிஸ் உள்ள கரைசலுக்கு மாறுங்கள். மற்றது சிவப்பணுவை உடைக்கும் கரைசல். அதில் அமோனியம் குளோரைடு இருக்கும். அமோனியா உள்ளே போய்ச் செல்லைக் காரமாக்கும். கழுவியதும் அது வெளியேறி, புரோட்டானை உள்ளே விட்டுச் செல்லும், செல் அமிலமாகிவிடும். உடனே அளந்தால் நீங்கள் பார்ப்பது அந்த அதிர்ச்சியைத்தான். ஒரு மணி நேரம் மீள விடுங்கள், அல்லது அந்தக் கரைசலே தேவையில்லாத பிரிப்பு முறைக்குப் போங்கள்.

விழுங்கப்பட்ட பாக்டீரியா இருக்கும் பையின் பிஎச்சை அளக்க முடியுமா?

முடியும், சைட்டோபிளாசத்தைவிட இது சுவாரசியமும்கூட. விழுங்கும் பொருளின் மேலேயே சாயத்தை ஒட்டிவிட வேண்டும். எஃப்ஐடிசி என்ற பச்சைச் சாயம் அமிலத்தில் மங்கும்; அதோடு பிஎச்சைக் கண்டுகொள்ளாத சாயம் ஒன்றையும் அதே பாக்டீரியாவில் ஒட்டினால் விகிதம் கிடைக்கும். வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும் பாக்டீரியாவின் ஒளிர்வை டிரைப்பான் நீலம் அணைத்துவிடும். பிஎச்ரோடோ என்ற சாயம் இதற்கு நேரெதிர், அமிலத்தில்தான் பிரகாசமாகும். அதை வைத்து எத்தனை விழுங்கப்பட்டன என்று சொல்வது எளிது. பிஎச் இவ்வளவு என்று சொல்வது எளிதல்ல.

மேக்ரோஃபேஜின் பை புரோட்டான் பம்பால் அமிலமாகி 5 வாக்கில் இறங்கும். நியூட்ரோஃபிலில் அப்படி நடப்பதில்லை. அங்கே ஆக்சிடேஸ் நொதி உண்டாக்கும் சூப்பர்ஆக்சைடு புரோட்டான்களைத் தின்றுவிடுவதால் பை முதலில் நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோதான் இருக்கும். நியூட்ரோஃபிலில் பிஎச்ரோடோ மங்கலாக இருப்பதைப் பார்த்து விழுங்கவில்லை என்று எழுதிவிடுவது இதனால்தான் ஆபத்து.

கால்சியத்தையும் பிஎச்சையும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் அளக்கலாமா?

யூவியில் இண்டோ-1, நீலத்தில் ஸ்னார்ஃப்-1. இந்த ஜோடி ஒத்துப்போகும், நான்கு டிடெக்டரும் இரண்டு விகிதமும். ஃப்ளுவோ-4உம் பிசிஇசிஎஃப்பும் இரண்டும் பச்சை, ஆகாது. ஜோடியாக நிரப்பும்போது தனித்தனியாக நிரப்பிய ட்யூபும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் கசிவொளி மற்றொன்றில் எவ்வளவு என்று தெரியாது.

சேர்த்து அளப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. கால்சியச் சாயங்கள் பிஎச்சுக்கும் மசியும். செல் கணிசமாக அமிலமானால் சாயம் கால்சியத்தைப் பிடிக்கும் வலு குறைந்து, கால்சியம் குறைந்ததுபோலத் தெரியும். அமிலச் சூழலில் டி செல்லை வைத்துக் கால்சியம் பார்ப்பவர்கள், அளவுகோலையும் அதே பிஎச்சில் போட வேண்டும்.

செல்களை ஃபிக்ஸ் செய்து (வேதிப்பொருளால் உறையவைத்து) வைத்து நாளை ஓட்டலாமா?

முடியாது. ஃபிக்ஸ் செய்தால் சவ்வின் தடை போய்விடும்; அதற்குப் பிறகு கால்சியமும் இல்லை, பிஎச்சும் இல்லை.

நோயாளி மாதிரியையும் இயல்பான மாதிரியையும் எப்படி நேர்மையாக ஒப்பிடுவது?

ஒரே ட்யூபில் போட்டு. எல்லா வெள்ளையணுக்களிலும் உள்ள சிடி45க்கான ஆன்டிபாடியில், ஒன்றை ஒரு நிறத்தாலும் மற்றதை வேறு நிறத்தாலும் குறித்துக் கலந்துவிடுங்கள். அதே தூண்டி, அதே நொடி, அதே வெப்பம். இரண்டு வளைவும் பக்கத்தில் பக்கத்தில் விழும். ரத்தம் பயணம் செய்து வந்திருந்தால் இயல்பான மாதிரியும் அதே பயணம் செய்திருக்க வேண்டும். புதிதாக எடுத்த ரத்தத்தோடு ஒருநாள் பழைய ரத்தத்தை ஒப்பிட்டு யாருக்கும் நோய் இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

ட்யூப்களை எந்த வரிசையில் ஓட்டுவது?

தூண்டாதவை முதலில், ஏற்பி வழியாகத் தூண்டுபவை அடுத்து, அயனோமைசினும் நைஜெரிசினும் கடைசியில். இந்த இரண்டும் கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த ட்யூபில் கலக்கும். ஒவ்வொரு முறை அயனோமைசினுக்குப் பிறகும் நீர்த்த ப்ளீச், பிறகு நிறையத் தண்ணீர் என்று கழுவிவிட்டு, தூண்டாத செல் கொஞ்சத்தை ஓட்டிப் பாருங்கள். அடிநிலை தானாக ஏறினால் இன்னும் கழுவ வேண்டும்.